டிக் வேற, டொக் வேற

டிக்... டிக்... டிக்...

மேலே பார்க்காதீங்க, பல்லி இல்லை. நான்தான் இந்த பானெட் மேல நகத்தால தட்டினேன். சட்டுனு நிமிர்ந்தீங்க பாருங்க, அப்போ உங்க காது நல்லாத்தான் இருக்குது. பின்ன எதுக்குங்க காது ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க? யாருக்கு? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பக்கத்துல ஜெனரேட்டர் ஓடுது. ஓடலையா? சரி, ஏதோ ஒண்ணு ஓடுது. மாமியாருக்கா! நல்ல மருமகனுங்க நீங்க. மாமியாருக்குக் காது கேக்கணும்னு ஆசைப்படற மருமகனை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்.

நானா? நான் காதுக்கு வரலைங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்களும் ஒரு மாதிரி பார்ப்பீங்க. நான் வண்டிக்கு வந்தவன். இதோ நிக்குதே நீலக் கலர், இதுக்கு. மேலே உங்க மாமியாரைப் பார்க்கப் போறாங்களே டாக்டர் ரேணுகாதேவி, அவங்க வண்டி. ஜப்பான்காரன் செஞ்சது, டர்போ வெச்சது, இருபத்திரண்டு வயசு ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா டாக்டரம்மா இதை எடுத்துக்கிட்டு செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்குப் போயிடுவாங்க. வாரம் பூரா முகத்துல மாஸ்க், ஞாயித்துக்கிழமை ஹெல்மெட். அவங்க முழு முகத்தைப் பார்த்தவங்க கோயமுத்தூர்லயே நாலு பேர்தான் இருப்பாங்க.

என் பேர் மருதாசலம். ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்ட் ஃபிட்டர், இருபத்துநாலு வருஷமா. காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும். வீட்டுக்குப் போனாத் தூக்கம் வராதுங்க. கண்ணை மூடினா மண்டைக்குள்ள மில்லு ஓடும். ஊரே கிளம்பி வேலைக்குப் போற நேரத்துல ஒருத்தன் மட்டும் படுத்து விட்டத்தைப் பார்த்துட்டு இருந்தா, அவனுக்கு என்னென்ன யோசனை வரும்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அதனால எந்திரிச்சு போத்தனூர்ல சம்சு பாயோட மெக்கானிக் ஷெட்டுக்குப் போயிடுவேன். அங்கேதான் என்னோட இன்னொரு வேலை. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. வண்டியைக் கேக்கற வேலை.

பழுது பார்க்கறது இல்லைங்க. கேக்கறது. யார்கிட்டயும் நான் படிக்கலை. பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்ட மோட்டார் புஸ்தகங்களை வாங்கி, டிக்‌ஷனரி வெச்சுக்கிட்டு, டீ இடைவேளையில படிச்சேன். மத்ததெல்லாம் காது சொல்லிக் கொடுத்தது. சத்தத்துல மூணு வகைங்க. டிக், டக், டொக். டிக்னா சின்ன விஷயம், எங்கேயோ ஒரு நட்டு லூசு, எங்கேயோ புகை கசியுது. டக்னா மேல்பாகம், வால்வுக் கவரைத் திறக்கணும். டொக்னா அடிவயித்துச் சமாச்சாரம், பேரிங் போயிருச்சுன்னு அர்த்தம். எஞ்சினைப் பிரிக்கணும், இல்லைன்னா வண்டியை வித்துட்டு மருதமலைக்குப் போய் மொட்டை போடணும். இது எந்தப் புஸ்தகத்துலயும் இல்லை. நானே கண்டுபிடிச்சது.

இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். வண்டியைத் தூங்க வெச்சு எழுப்பணும். ராத்திரி பூரா சும்மா நின்னு சில்லுனு ஆன எஞ்சினை, காலைல முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற அரை நிமிஷச் சத்தம் இருக்குதே, அதுதான் உண்மை. அப்புறம் சூடாகி இரும்பு விரிஞ்சுட்டா, எல்லா எஞ்சினும் உத்தமன் மாதிரிதான் பேசும். மனுசங்களும் அப்படித்தானே, தூங்கி எழுந்த மூஞ்சிதான் நிஜ மூஞ்சி. என் சம்சாரத்தைக் கேட்டா சொல்லுவா. அவ பேர் சம்பூர்ணம். அவளும் இப்போ சரியாச் சொல்லமாட்டேங்கறா. முணுமுணுக்கறா. அம்பது வயசுக்குள்ளயே வாய்ல சத்துப் போச்சு.

என்னங்க? மேலே கூப்பிடறாங்களா? எத்தனை? இருபத்தியொண்ணாம் டோக்கனா. உங்களுது இருபத்தஞ்சு, உக்காருங்க. என்னுது இருபத்தேழு. இல்லைங்க, நான் காதுக்கு வரலைன்னுதான் சொன்னேனே. டாக்டரம்மா சும்மா ஒரு டோக்கன் போட்டுக் கொடுத்தாங்க, வண்டி வேலை முடிஞ்சதும் மேலே வந்து சொல்லிட்டுப் போங்கண்ணான்னு. கூட்டத்துல நான் நிக்கக்கூடாதாம். மரியாதைங்க, மரியாதை. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை.

கதை என்னன்னா, இந்த மரியாதைதான் கதை.

போன மாசம், மார்கழிக் கடைசியில டாக்டரம்மா ஷெட்டுக்கு வந்தாங்க. “அண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்னு ஒரு சத்தம் வருது. ரெண்டு நிமிஷத்துல போயிடுது”ன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “டாக்டரம்மா, நோயாளி வந்து நோயைச் சொல்லக்கூடாது. நான் உங்ககிட்ட வந்து எனக்கு இன்ன வியாதின்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?”ன்னேன். ஷெட்டே சிரிச்சுது. அவங்களும் சிரிச்சாங்க. “சரிங்கண்ணா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க”ன்னு வண்டியை அங்கேயே தூங்க விட்டுட்டுப் போனாங்க.

மறுநாள் மில்லுல இருந்து நேரா ஷெட்டு. டாக்டரம்மாவும் வந்துட்டாங்க. பாய் ஸ்டார்ட் பண்ணினார். நான் கண்ணை மூடி நின்னேன். நான் கேக்கும்போது ஷெட்டுல ஒருத்தரும் பேசக்கூடாது, டீ ஆத்தக்கூடாது, அது சட்டம். கேட்டேன். டொக். அடியில இருந்து, அடைச்ச மாதிரி, தலகாணிக்குள்ள இருந்து யாரோ தட்டற மாதிரி. டொக், டொக்.

“பேரிங்”னேன்.

“அண்ணா, எனக்கு டிக்னுதான் கேக்குது”ன்னாங்க டாக்டரம்மா.

“உங்களுக்கு மனுசக் காது தெரியும், எனக்கு வண்டிக் காது தெரியும். பாய், நீங்க சொல்லுங்க. டொக் தானே?”

சம்சு பாய் கீழே கிடந்த ஒரு வாஷரைப் பார்த்தார். குனிஞ்சு எடுத்தார். அதைத் தொடச்சார். “ஆமாங்கண்ணா, டொக் தான்”னார்.

முடிஞ்சுது. ரெண்டு ஓட்டு ஒரு பக்கம். நாலு நாள் எஞ்சினைப் பிரிச்சோம். அடியில ஆயில் தொட்டியைக் கழட்டி, ஒவ்வொரு பேரிங்கா எடுத்துப் பார்த்தா, ஏனுங்க, அதுல முகம் பார்த்துத் தலை சீவலாம். அவ்வளவு பளபளப்பு. ஒரு கீறல் இல்லை. வேற ஒருத்தனா இருந்தா இடிஞ்சு போயிருப்பான். நான் டாக்டரம்மாவைப் பார்த்து, “பார்த்தீங்களா? கெட்டுப் போறதுக்கு முந்தியே திறந்துட்டோம்”னேன். அனுபவம்ங்கறது வேற என்னங்க?

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. உங்க சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியுது.

என் காதைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். மில்லுல நூல் நூக்கற மெஷின், ஃபிரேம்னு சொல்லுவோம், அது ஒண்ணுல நூல் சுத்தற ஸ்பிண்டில் ஆயிரத்துக்கு மேல ஓடும். அப்படி முப்பது ஃபிரேம். பக்கத்துல நிக்கறவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கணும். அந்த இரைச்சல்ல ஒரே ஒரு ஸ்பிண்டில் காய்ஞ்சு கிறீச்சுன்னா, நடந்து போய் அது மேல விரலை வெப்பேன். மேனேஜரே ஆள் கூட்டிக்கிட்டு வந்து வேடிக்கை காட்டியிருக்கார். காதுல வெச்சுக்கச் சொல்லி ஆரஞ்சுக் கலர்ல பஞ்சு அடைப்பான் கொடுத்தாங்க, வருஷா வருஷம். நான் ஒரு நாள்கூட வெக்கலை. காதை அடைச்சுக்கிட்டா நான் எதை வெச்சு வேலை செய்யறது? எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு போய், ஆடிக்காத்துல ஜன்னல் ஆடாம இருக்கச் சந்துல சொருகி வெச்சேன். ஜன்னல் இன்னைக்கும் ஜம்முனு இருக்குது.

இப்போ ரெண்டு வருஷமாத்தான் உலகம் கொஞ்சம் சரியில்லை. குக்கர் விசில் அடிக்க மாட்டேங்குது. சம்பூர்ணம் மூணு விசில்ல நிறுத்தச் சொல்லிட்டுப் போவா, நான் உக்காந்துட்டே இருப்பேன், பருப்பு கருகும். மூணு வெயிட் மாத்திட்டேன், அந்தக் குக்கரே திருந்தலை. போன் மணி முன்ன மாதிரி இல்லை. முக்கியமா, டிக் வண்டியே வர்றதில்லைங்க. வர்றதெல்லாம் டொக் தான். ஆயில்ல அவ்வளவு கலப்படம். பாய்கிட்ட அடிக்கடி சொல்லுவேன், “பாய், டிக்கெல்லாம் ஒழிஞ்சு போச்சு பார்த்தீங்களா?” அவர், “ஆமாங்கண்ணா.”

சரி, விஷயத்துக்கு வர்றேன். எஞ்சினைத் திரும்பப் பூட்டினோம். புது ஆயில் ஊத்தினோம். வண்டியை ஒரு ராத்திரி தூங்க வெச்சோம். போன செவ்வாய்க்கிழமை காலைல டாக்டரம்மா வந்து நிக்கறாங்க, பாய் ஸ்டார்ட் பண்றார். நான் கேட்டேன். ஒண்ணுமில்லை. அமைதின்னா அமைதி, கோயில் மாதிரி.

“போயிருச்சு”ன்னேன்.

“ஆமாங்கண்ணா”ன்னார் பாய்.

“இல்லையே. கேக்குதே”ன்னாங்க டாக்டரம்மா.

பதினோரு வருஷத்துல அந்த ஷெட்டுல என் முன்னாடி யாரும் ‘இல்லை’ன்னு சொன்னதில்லைங்க. ஒரு மாதிரி ஆயிருச்சு. டாக்டரம்மா நேரா சுவர்கிட்டப் போனாங்க. சுவத்துல ஆணியில மாட்டியிருந்த என்னோட ரப்பர் டியூபை எடுத்தாங்க. ஒரு முனையைக் காதுல வெச்சுக்கிட்டு இன்னொரு முனையை எஞ்சின் பக்கத்துல கொண்டு போனா, சத்தம் வர்ற இடம் தெரியும். நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் டியூபு, என் வித்தை. அவங்க பாட்டுக்கு ஆயில் சிந்தின தரையில மண்டி போட்டு உக்காந்து, அங்கே இங்கே வெச்சுப் பார்த்து, “இங்கேங்கண்ணா”ன்னாங்க. மூணாவது சிலிண்டர் பக்கம், புகை போற குழாய் எஞ்சினோட சேர்ற இடம். டார்ச் அடிச்சா, கரி படிஞ்சிருக்குது. குழாயை எஞ்சினோட புடிச்சு வெக்கற போல்ட்டு, ஸ்டட்னு பேரு, அதுல ஒண்ணு ஒடைஞ்சிருக்குது. எஞ்சின் சில்லுனு இருக்கும்போது அந்தச் சந்துல புகை டிக் டிக்னு கசியும். சூடானா இரும்பு விரிஞ்சு சந்து அடைஞ்சுடும். ரெண்டு நிமிஷத்துல போயிடுது. டாக்டரம்மா முதல் நாளே சொன்னது.

அதைக்கூட நான் விட்டுட்டேன். யாருக்கும் ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். அதுக்கு அப்புறம் செஞ்சாங்க பாருங்க ஒரு காரியம்.

“அண்ணா, நீங்களும் கேளுங்க”ன்னு டியூபை என் வலது காதுல வெச்சாங்க. “கேக்குதுங்களா?”

“கேக்குது.”

இடது காதுல வெச்சாங்க. “இப்போ?”

“ஜோராக் கேக்குது டாக்டரம்மா. டிக், டிக், டிக். சுத்தமான டிக்.”

பாய் எஞ்சினைப் பார்க்கலை. டாக்டரம்மா கையைப் பார்த்துட்டு இருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். டியூபோட இன்னொரு முனையை அவங்க ரெண்டா மடிச்சு, இறுக்கி, கைக்குள்ள வெச்சிருந்தாங்க. காத்துக்கூடப் போகாது.

நீங்களே சொல்லுங்க. இது படிச்சவங்க செய்யற வேலையா? ஒரு பொம்பளை, டாக்டரு, மண்டி போட்டு உக்காந்து கேக்குதான்னு கேக்கறாங்க. கேக்கலைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுங்களா? நான் மரியாதைக்குச் சொன்னேன். நம்ம பக்கம் வழக்கமே அதுதானே? சாப்டீங்களான்னா சாப்டேன்ங்கறோம், பசியோட இருந்தாலும். அது மாதிரி கேக்குதான்னா கேக்குது.

அவங்க எந்திரிச்சாங்க. டியூபைத் திரும்ப ஆணியில மாட்டினாங்க. புடவையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டு, “அண்ணா, இந்த ஸ்டட்டை நீங்களே மாத்திடுங்க. ஆனா கிளினிக்லயே வெச்சு மாத்துங்க, பார்க்கிங்ல நிழலா இருக்கும்”னாங்க. டோக்கனும் அப்பத்தான் கொடுத்தாங்க. வண்டியைத் திரும்ப ஷெட்டுக்கு ஓட்டிட்டு வர்றதுக்குச் சோம்பேறித்தனம், வேற என்ன?

அவங்க போனதும் பாயைப் புடிச்சேன். “யோவ் பாய், அன்னைக்கு உமக்கு என்னய்யா கேட்டுச்சு? டிக்கா, டொக்கா?”

பாய் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிட்டு இருந்தார். “டிக் தாண்ணா.”

“பின்ன ஏன்யா ஆமான்னே?”

“நீங்க கேட்டீங்க. சொன்னேன்.”

“அப்போ வேணும்னே நாலு நாள் எஞ்சினைப் பிரிச்சியா?”

“பேரிங்கைப் பார்த்து வெச்சா வண்டிக்கு நல்லதுதானேண்ணா. டாக்டரம்மாகிட்ட நான் கூலி வாங்கலை.”

“எத்தனை நாளாய்யா இப்படி?”

பதில் வரலை. எனக்குத்தான் விழலையோன்னு பக்கத்துல போனேன். அவர் திரும்பி, என் முகத்துக்கு நேரா நின்னு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “ரெண்டு வருஷம் இருக்கும்ணா. நீங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போனதும் நான் தனியா ஒரு தடவை கேட்டுப் பார்த்து, சரி பண்ணி அனுப்பிடுவேன். வண்டிக்காரங்க எல்லாம் மருதாசலண்ணன் சொன்னது சரியா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க.”

எப்படி இருக்குது பார்த்தீங்களா? ரெண்டு வருஷம். நான் கண்ணை மூடிக்கிட்டு நடுவுல நிக்கறேன், சுத்தி எல்லாரும் டீ ஆத்தாம நிக்கறாங்க, நான் டொக்ங்கறேன், ஆமாங்கண்ணாங்கறாங்க. நான் பஸ் ஏறினதும் நிஜ வேலை ஆரம்பிக்குது. கோயமுத்தூர் மரியாதைன்னு ஊரெல்லாம் பேரு. ஒருத்தனைக் கொல்றதுக்கு வேற ஆயுதமே வேண்டாங்க, இந்த ‘ங்க’ போதும்.

வீட்டுக்கு வந்து சம்பூர்ணத்துகிட்ட சொன்னேன், ஊரே சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்குதுன்னு. அவ என்னவோ முணுமுணுத்தா. சத்தமாச் சொல்லுடின்னேன். அடுப்பை அணைச்சுட்டு, கிட்ட வந்து உக்காந்து, “அந்தக் குக்கர் நல்லாத்தான் விசில் அடிக்குதுங்க”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எந்திரிச்சுப் போயிட்டா.

எனக்குக் கோபமெல்லாம் இல்லைங்க. ஒண்ணே ஒண்ணுதான். மேலே ஒரு கண்ணாடி ரூம் இருக்குதாம். உள்ள உக்கார வெச்சு, காதுல ஹெட்போன் மாட்டி விட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்குன்னு சொல்லுவாங்களாம். அங்கே ஒருத்தனும் ஆமாங்கண்ணான்னு சொல்ல மாட்டான். மெஷின் ஒரு கோடு போட்டுக் கொடுத்துடும். அந்தக் கோட்டைப் பார்த்ததுக்கு அப்புறம் நான் யாருங்க? நைட் ஷிப்ட்ல மருதாசலம்னு ஒருத்தன், அவ்வளவுதானே? மில்லுல அப்படி நாப்பது பேர் இருக்காங்க. வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, “அண்ணா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க”ன்னு யார் வருவாங்க? பகல் பூரா விட்டத்தைத்தான் பார்க்கணும். அதான் சொல்றேன், நான் காதுக்கு வரலை.

என்ன, இருபத்தஞ்சா? கூப்பிட்டுட்டாங்களா? போங்க, போங்க, மாமியார் காத்திருப்பாங்க. மாமியார் கூட மச்சினி இருக்குதா? அப்போ இருங்க ஒரு நிமிஷம். உங்களால எனக்கு ஒரு வேலை ஆகணும்.

பேசிட்டே எல்லா நட்டும் போட்டுட்டேன் பாருங்க. ஒடைஞ்ச ஸ்டட் கழண்டு வந்துருச்சு, புதுசு பூட்டியாச்சு. ரெண்டு நட்டை ஒண்ணோட ஒண்ணு பூட்டித் திருப்பினேன், ஆடற பல்லு மாதிரி வந்துச்சு. கைக்கு ஒண்ணும் ஆகலைங்க, கை இன்னும் கைதான். வண்டி ராத்திரி பூரா இங்கேதான் தூங்கியிருக்குது. இப்போ எழுப்பறேன். நீங்க இங்க வந்து நில்லுங்க, பேன்ட்ல எண்ணெய் படாம. இந்த டியூபைக் காதுல வெச்சுக்கங்க. அந்த முனையை, இதோ இந்தக் குழாயோரமா, ஒவ்வொரு நட்டுப் பக்கமாக் கொண்டு போங்க.

நீங்க எந்த ஊரு? பொள்ளாச்சியா? போச்சு. எங்களைவிட மோசம் நீங்க. உங்க ஊர்ல ‘இல்லை’ங்கற வார்த்தையே இன்னும் வந்து சேரலை. பரவாயில்லை. இங்க பாருங்க, நான் உங்களுக்கு யாரும் இல்லை. இன்னைக்குப் பார்த்தோம், இனிமே பார்க்கப் போறதில்லை. என் மூஞ்சியைப் பார்க்காதீங்க, எஞ்சினைப் பாருங்க. உங்க காதுக்கு என்ன விழுதோ அதை மட்டும் சொல்லுங்க. மரியாதை வேண்டாம்.

ஸ்டார்ட் பண்றேன்.

கேக்குதுங்களா?

தலையை ஆட்டாதீங்க. இங்க திரும்பி வாயால சொல்லுங்க.

கேக்குதா. எங்கே? பின்னாடி, கடைசி நட்டுக்கிட்டயா? எப்படிக் கேக்குது?

டிக்.

எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க.

சரி. நிறுத்திட்டேன். அந்தக் கடைசி நட்டுத்தான், டர்போவுக்குப் பின்னாடி கை நுழையாத இடம், சரியா இறுகலை. இன்னும் அரைச் சுத்து வேணும். ஆனா இப்போ தொட முடியாது. ஒரு நிமிஷம் ஓடினாலே தோலை உரிச்சுடும். ஆறுறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

முக்கால் மணி நேரம்.

படியில அந்தப் பொண்ணு நின்னு என்னவோ சொல்லுது. வாய் அசையறது தெரியுது. எத்தனைங்க? இருபத்தேழா? இருபத்தாறு வரலையாமா?

வர்றேன்னு சொல்லிடுங்க. இந்த ஸ்பேனரை எல்லாம் தொடச்சு வெச்சுட்டு வந்துடறேன். எண்ணெயோட போட்டா அப்புறம் கையில நிக்காதுங்க, வழுக்கும். அந்த பனியன் வேஸ்ட்டைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க. பத்து... பன்னெண்டு... அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க, உங்க காலுக்கிட்டதான் கிடக்குது.